கார் ட்யூனிங்: சின்னப் பட்டறை பெயரெடுக்கும் வழி

2000-களின் நடுவில் ஷா ஆலாம் புரோட்டோன் நிறுவனத்திலிருந்து சத்ரியா ஆர்3 என்றொரு கார் வந்தது. மொத்தமே 150 கார்கள். சத்ரியா ஜிடிஐ-யில் ஏற்கெனவே இருந்த அதே 1.8 லிட்டர் மிட்சுபிஷி இஞ்சின், அதே உடல். ஆனால் அந்தக் காரைத் தொட்ட கைகள் வேறு. பந்தயம், ரேலி, ஆராய்ச்சி என்ற மூன்று வேலைக்காகப் புரோட்டோனுக்குள் அமைந்த ஆர்3 என்ற சிறிய குழுதான் அவற்றைத் தனியாக எடுத்து மெருகேற்றிக் கொடுத்தது. இன்றைக்கும் அந்த 150-இல் ஒன்று விற்பனைக்கு வருகிறதென்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் கார்ப் பித்துள்ளவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

'ஆர்3' என்ற ஒட்டுவில்லையைச் சில வெள்ளி கொடுத்து யாரும் வாங்கிப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். பூச்சோங்கிலும் காப்பாரிலும் இஞ்சினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருக்க, ஒரு சிறு குழுவின் பெயருக்கு மட்டும் எப்படி இவ்வளவு மதிப்பு வந்தது? ஒரு பட்டறை 'பட்டறை' என்ற நிலையிலிருந்து 'பெயர்' என்ற நிலைக்கு எப்படி ஏறுகிறது? அதைப் புரிந்துகொள்ள, ட்யூனிங் என்றால் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

தொழிற்சாலை ஒரு காரை யாருக்காகச் செய்கிறது? எல்லாருக்காகவும். ஒருவர் ரோன் 95 பெட்ரோல் மட்டுமே ஊற்றுவார். இன்னொருவர் எண்ணெய் மாற்ற வேண்டிய தேதி கடந்து ஆறு மாதம் ஓட்டுவார். ஒரே மாதிரி கார் பாலைவன வெயிலுக்கும் போகும், பனி நாட்டுக்கும் போகும். எவர் கையில் சிக்கினாலும் உத்தரவாதக் காலம் முடியும்வரை இஞ்சின் தாங்க வேண்டும். ஆகவே தொழிற்சாலைப் பொறியாளர் இஞ்சினின் முழு பலத்தையும் வெளியே விடுவதில்லை. கொஞ்சத்தைக் காப்புக்காக உள்ளே வைத்துவிடுகிறார். ட்யூனர் அந்த இருப்பிலிருந்து ஒரு பங்கை எடுத்து, ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு, அவர் ஊற்றும் பெட்ரோலுக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்றபடி கொடுக்கிறார். எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதுதான் இந்தத் தொழிலின் முழு வித்தை.

எடுப்பது மூன்று வழியில். காற்று, பெட்ரோல், தீப்பொறி. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சாதாரண ஓட்டத்தில் காரின் கணினி, அதாவது ஈசியு, இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டே போகும். மிதியை முழுதாக அழுத்தினால் பெட்ரோலைக் கூட்டும். டர்போ இஞ்சினில் 12-க்குப் பக்கத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ விகிதம் இறங்கும், ஏனென்றால் கூடுதல் பெட்ரோல் எரியறையின் சூட்டைத் தணிக்கிறது. தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே விட்டால் பலம் கூடும். அளவுக்கு மீறி முந்தினால், தீ பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். பட்டறைகளில் இதை 'நோக்' என்கிறார்கள். காதில் விழுவது சின்ன 'டக் டக்'தான். ஆனால் அது தொடர்ந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழும்.

இந்த மூன்றையும் அளந்து பார்க்கும் இடம் டைனோ. காரின் சக்கரங்கள் உருளைகள்மேல் ஏற்றப்பட்டு, உடல் பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். முன்னால் ஆள் உயரக் காற்றாடி ஒன்று இரைந்துகொண்டிருக்கும். புகைபோக்கியில் விகிதம் அளக்கும் உணரி. ட்யூனர் மடிக்கணினியைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, நான்காவது கியரில் மிதியை முழுதாக அழுத்தி, இஞ்சின் மேல் சுற்று வரை போனதும் விடுவார். சில விநாடி வேலைதான். திரையில் ஒரு வளைகோடு வரும். அதைப் பார்த்து ஓரிடத்தில் தீப்பொறியை ஒரு பாகை முன்னே நகர்த்துவார், இன்னோரிடத்தில் பெட்ரோலைக் குறைப்பார், மறுபடி ஓட்டுவார். இடையிடையே இஞ்சின் ஆறக் காத்திருக்க வேண்டும். நல்ல ட்யூனரின் நாளில் பாதி இப்படி ஆறக் காத்திருப்பதில்தான் போகும்.

"அண்ணே, எவ்வளவு குதிரை ஏறும்?" என்றுதான் காரைக் கொண்டுவருகிற இளைஞர் கேட்பார். "மொதல்ல கம்ப்ரெஷன் பாப்போம் தம்பி. இஞ்சின் நல்லா இருந்தா அப்புறம் குதிரையப் பத்திப் பேசுவோம்" என்று பதில் சொல்கிற ஃபோர்மேன் இருந்தால், அந்தப் பட்டறையை நம்பலாம். பழுதான இஞ்சினுக்குப் புது மேப், அதாவது ஈசியுவுக்கான புது அளவுப் பட்டியல், ஏற்றிக் கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் தீங்கு.

எல்லாக் காருக்கும் ஒரே பலன் கிடைக்காது. டர்போ உள்ள காரில் ஈசியுவை மாற்றி எழுதினாலே நான்கில் ஒரு பங்கு வரை பலம் கூடுவது உண்டு, ஏனென்றால் டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தையே கணினி வழியாகக் கூட்ட முடிகிறது. டர்போ இல்லாத காரில் அதே வேலை செய்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினாலே பெரிது. புரோட்டோன் ஆர்3 குழு 2010-இல் சத்ரியா நியோ ஆர்3 லோட்டஸ் ரேசிங் என்று 25 கார்கள் மட்டும் செய்தது. டர்போ இல்லாத 1.6 லிட்டர் கேம்ப்ரோ இஞ்சினை ஏறக்குறைய 125 குதிரைத்திறனிலிருந்து 145-க்குக் கொண்டுபோனார்கள். கூடியது 20. அதற்கே மேப்போடு நிற்காமல் இஞ்சினுக்குள்ளும் கைவைக்க வேண்டியிருந்தது. டர்போ இல்லாத இஞ்சினில் 20 குதிரை எவ்வளவு பாடு என்பது அந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தத் தொழில் இவ்வளவு தழைத்ததற்குத் தனியான காரணங்கள் உண்டு.

முதலாவது வெயில். காற்று சூடானால் அடர்த்தி குறையும். 15 பாகையில் உள்ள காற்றோடு ஒப்பிட்டால் 35 பாகையில் அதே கொள்ளளவுக்குள் நூற்றுக்கு ஆறு பங்குக்கும் அதிகமாகக் காற்று குறைவு. காற்று குறைந்தால் பலமும் குறையும். அதோடு சூடான காற்று நோக்கை எளிதில் வரவழைக்கும், ஈசியு பயந்து தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கும், பலம் இன்னும் விழும். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ எழுதிய மேப்பை அப்படியே வாங்கி ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு மிதியை அழுத்திப் பாருங்கள். இன்டர்கூலர் முழுதும் சூடு ஊறிப்போய், காசு கொடுத்து வாங்கிய பலத்தில் பாதியைக் காணோம். இந்த ஊரின் சூட்டிலும் ஈரத்திலும் உட்கார்ந்து, இந்த ஊர்ப் பெட்ரோலுக்கு எழுதுகிற ஆள் தேவைப்படுவது இதனால்தான். சின்ன உள்ளூர் நிறுவனம் பெரிய வெளிநாட்டுப் பெயரோடு போட்டி போட முடிகிற இடமும் இதுதான்.

இரண்டாவது ரோட் டெக்ஸ். நம் நாட்டில் பெட்ரோல் கார்களுக்குச் சாலை வரி இஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது, குதிரைத்திறனைப் பொறுத்தது அல்ல. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 1000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. 1600 சிசி என்றால் 90 வெள்ளி. 2000 சிசி 380 வெள்ளி. 3000-ஐத் தாண்டினால் 2,130 வெள்ளியில் தொடங்கி, மேற்கொண்டு ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. 3.8 லிட்டர் இஞ்சின் உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தக் கணக்கில் 5,730 வெள்ளி வருகிறது. ஆக, சிறிய இஞ்சினில் டர்போவை வைத்துப் பலத்தை ஏற்றிக்கொண்டால் வரி அப்படியே இருக்கும். பெரிய இஞ்சின் வாங்க வசதியில்லாதவரும், வாங்கினாலும் வரி கட்டிக் கட்டி அலுத்தவரும் டர்போ பக்கம் சாய்வது இயல்பு.

மூன்றாவது ஹாஃப்கட். ஜப்பானில் பழைய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனைச் செலவு அதிகம் என்பதால் நல்ல நிலையில் உள்ள கார்களையே கழித்துவிடுகிறார்கள். முழுக் காராக இங்கே கொண்டுவர இறக்குமதி அனுமதியும் வரியும் குறுக்கே நிற்கும். அதனால் காரை இரண்டாக அறுத்து, இஞ்சின், கியர்பெட்டி, ஒயரிங் எல்லாம் உள்ள முன்பாதியை உதிரிப் பாகமாகக் கொள்கலனில் ஏற்றி அனுப்புவார்கள். 1.3 லிட்டர் புரோட்டோன் வீராவில் மிட்சுபிஷியின் 4ஜி93 இஞ்சினோ 4ஜி63 டர்போவோ ஏறியது இந்த வழியில்தான். வீராவே மிட்சுபிஷி வழி வந்த கார் என்பதால் பல பாகங்கள் பொருந்திப் போயின. நம் பட்டறைகளில் ஒரு தலைமுறையே தொழில் படித்தது இந்த அறுபட்ட கார்களைப் பிரித்துத்தான். 2009-இல் அறிவித்த தேசிய வாகனக் கொள்கையில், 2011 ஜூன் முதல் பழைய உதிரிப் பாகங்களின் இறக்குமதியையே தடை செய்ய அரசு நினைத்தது. தொழிலில் இருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பின்னர் அது கைவிடப்பட்டது. சின்னப் பட்டறைக்காரருக்கு அது உயிர் போய் வந்த சமாச்சாரம்.

இவ்வளவு கைத்திறமை இருந்தும் பெயரெடுத்தவர்கள் சிலர்தான். காரணத்தை வெளிநாட்டுக் கதை இரண்டில் பார்க்கலாம்.

ஜெர்மனியில் காஃப்பாய்ரன் என்ற சிறு நகரம். தட்டச்சுப் பொறி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த புர்கார்ட் போவன்சீப்பன் 1960-களின் தொடக்கத்தில் பிஎம்டபிள்யூ 1500 காருக்கு இரட்டை வெபர் கார்புரேட்டர் தொகுப்பு ஒன்றைச் செய்தார். அதை வாங்கிப் பொருத்தினால் கார் வேகமாகப் போகும். ஆனால் வாங்குகிறவருக்கு ஒரு பயம் இருக்குமே, இதைப் பொருத்தினால் காரின் உத்தரவாதம் போய்விடாதா என்று. அவர் நேரே பிஎம்டபிள்யூவிடம் போனார். அவர்கள் சோதித்துப் பார்த்து, இந்தத் தொகுப்பைப் பொருத்திய கார்களுக்கும் உத்தரவாதம் செல்லும் என்று 1964-இல் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, 1965-இல், எட்டு பேரோடு அல்பினா நிறுவனம் பிறந்தது. 1983-இல் ஜெர்மன் அரசு அதைத் தனி கார் உற்பத்தியாளராகவே பதிவு செய்தது. 2022-இல் பிஎம்டபிள்யூ அந்தப் பெயரையே விலைக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. கார்புரேட்டர் மாற்றத் தெரிந்தவர்கள் அன்றைய ஜெர்மனியில் எத்தனையோ பேர். பழுது வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் வைத்திருந்தவர் இவர். அவர் ஏறியது அந்தக் காகிதத்தின் மேல்தான் என்பது என் எண்ணம்.

மற்றது ஏஎம்ஜி. மெர்சிடிஸ் நிறுவனத்தில் இஞ்சின் வேலை பார்த்த ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் ஆகிய இருவரும் 1967-இல் ஒரு பழைய மாவு ஆலையில் தொடங்கினார்கள். 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்துக்கு 300 எஸ்இஎல் 6.8 என்ற சிவப்புக் காரைக் கொண்டுபோனார்கள். பெரிய மனிதர்கள் பின்னிருக்கையில் சாய்ந்து போகும் கனமான நான்கு கதவுக் கார் அது. பந்தயத்தில் அது ஒட்டுமொத்தமாக இரண்டாவதாக வந்தது, தன் பிரிவில் முதலிடம். 24 மணி நேரமும் இஞ்சின் தாங்கியதே உலகுக்கு விஷயம். 1990-இல் மெர்சிடிஸ் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. 1999-இல் பெரும்பங்கும் 2005-இல் முழுப்பங்கும் மெர்சிடிஸ் கைக்குப் போனது.

ஆர்3-இன் பெயரும் இதே வழியில்தான் எழுந்தது. ஷா ஆலாமில் இதற்கு முன்பே பந்தய மரபு இருந்தது. 1968-இல் திறந்த பத்து தீகா பந்தயத் தடத்தில் 1985-இல் உலக எண்டூரன்ஸ் போட்டியே நடந்தது, 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியும் நடந்தது. 1999-இல் சிப்பாங் தடம் வந்தபின் பந்தயங்கள் அங்கே போய்விட்டன. பத்து தீகா தடம் இப்போது இல்லை. சிப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். அங்கே நடக்கும் சிப்பாங் 1000 கிலோமீட்டர் பந்தயம், நாம் சாலையில் தினம் பார்க்கிற வகைக் கார்கள் 181 சுற்று ஓட வேண்டிய பந்தயம். டெங்கு ஜான் லே தலைமையில் இருந்த ஆண்டுகளில் ஆர்3 குழு அந்தப் பந்தயத்தைப் பலமுறை வென்றது. அவரே பந்தயக்காரர். ரேலியிலும் அதே உழைப்புத்தான். இங்கிலாந்தின் எம்இஎம் நிறுவனத்தோடு சேர்ந்து உருவான சத்ரியா நியோ எஸ்2000 காரில் அலிஸ்டர் மெக்ரே 2011-இல் ஆசிய பசிபிக் ரேலி பட்டத்தை வென்றார். அதற்கும் முன்பு 2002-இல், கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார் பிரிவில் உலக ரேலிப் பட்டத்தையே கொண்டுவந்தார். டைனோவில் ஐந்து விநாடி காட்டும் பலம் எவருக்கும் வரும். நண்பகல் வெயிலில் 181-ஆவது சுற்றிலும் அதே பலத்தைக் காட்டும் இஞ்சினுக்குத்தான் வாடிக்கையாளர் காசை எடுத்து வைப்பார்.

பெரிய நிறுவனத்தின் முதுகில் இருந்ததால்தான் ஆர்3-க்கு இது முடிந்தது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் செய்ததை எண்ணிப் பாருங்கள். பஞ்சாலைக் குடும்பத்தில் 1954-இல் பிறந்தவர். 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் 796 சிசி இஞ்சினை எடுத்து, சொந்தமாக ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். எளிய இஞ்சின், உள்ளூரிலேயே கிடைக்கும் பாகம், ஒரே மாதிரியான கார்கள். அதனால் காசைவிடத் திறமைக்கு இடம் கிடைத்தது. அந்தக் காரில் முதல் பந்தயம் ஓடிய கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-இல் அவர் ஜோர்டான் அணியின் ஃபார்முலா 1 காரோடு நம் சிப்பாங்குக்கே வந்து 11-ஆவதாக முடித்தார். கரிவர்தன் அதைப் பார்க்க இல்லை. 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் ஊர்த் தமிழருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. செந்தூல் ரயில் பட்டறையில் நீராவி இஞ்சின்களைப் பிரித்துக் கோத்தவர்களில் நம்மவர் ஏராளம். பிரிக்பீல்ட்ஸில் 1905-இல் கட்டிய ரயில்வே குடியிருப்பான நூறு வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் பட்டறைகளில் நிற்கிறார்கள். கையில் வேலை இருக்கிறது. பலரிடம் இல்லாதது சான்றிதழும் எழுத்துப் பதிவும். ஷா ஆலாம் மொன்ஃபோர்ட் பாய்ஸ் டவுன், கியாட்மாரா போன்ற இடங்களில் வாகனத் தொழில் கற்று எஸ்கேஎம் என்ற தொழில்திறன் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. "எனக்குத் தொழில் தெரியும், பேப்பர் எதுக்கு?" என்று கேட்கிற தம்பிகளிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போதும், ஒரு நிறுவனத்தின் பாகத்துக்கு முகவராகும்போதும் அந்தப் பேப்பரைத்தான் கேட்பார்கள்.

சட்டத்திலும் எழுத்துக்குத்தான் மதிப்பு. இஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும், பரிசோதனையில் தேற வேண்டும், புது இஞ்சின் எண்ணும் கொள்ளளவும் வாகனப் பதிவுச் சான்றான கிராண்டில் ஏற வேண்டும். அப்போது வரியும் மாறும். 1.3 வீராவுக்கு 70 வெள்ளியாக இருந்தது 1,834 சிசி 4ஜி93 ஏறியதும் 297 வெள்ளியாகும். அந்த 227 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் பதிவு செய்யாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது இஞ்சின் எண்ணைத்தான். சொல்லாமல் செய்த மாற்றத்துக்காக இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடமுண்டு. வாடிக்கையாளரின் கிராண்டைச் சரிசெய்து கொடுக்கும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கில் எழுதாத பட்டறைதான் நாளைக்கு நிலைக்கும்.

நீங்கள் காரைக் கொண்டுபோகிறவராக இருந்தால், காசு கொடுக்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும், ஒரே டைனோவில், ஒரே நாளில் எடுத்த வளைகோடு இரண்டும் வேண்டும். வேறு வேறு டைனோ வேறு வேறு எண் காட்டும். சக்கரத்தில் அளந்ததா, இஞ்சினில் என்று கணக்கிட்டுச் சொன்னதா என்று கேளுங்கள், இரண்டுக்கும் நடுவே நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை வித்தியாசம் வரும். காரில் முதலில் இருந்த ஈசியு கோப்பைப் பத்திரமாக எடுத்து உங்களிடமும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பெட்ரோலுக்கு எழுதினார்கள், 95-க்கா 97-க்கா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 97-க்கு எழுதிய மேப்பில் மாதக் கடைசியில் 95 ஊற்றினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். பலத்தைக் கூட்டும் முன் பிரேக்கைப் பார்த்தார்களா என்பதையும் விடாதீர்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற ஆள் கிள்ளானில் ஒரு சந்துக்குள் ஒற்றைக் கடையில் இருந்தாலும் பரவாயில்லை, காரை அவரிடமே விடுங்கள்.